எதிரே வரச் சொன்னவன்

ஏப்ரல் 14, செவ்வாய்

ஊருக்கெல்லாம் இன்று வருடப் பிறப்பு. எனக்கு இல்லை. என் மனைவி கனகம் பாயசம் வைத்தாள், குடித்தேன். பாயசத்துக்கு மதம் கிடையாது.

இந்த நோட்டில் எழுதப்போவது சூதாட்டக் கணக்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு சோதனை. இதற்குக் காரணம் எங்கள் தேயிலைக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமை எழுத்தர் வரதராஜுலு. ஊட்டியில் குதிரை ஓடும் இரண்டு மாதமும் அவர் மனிதராக இருப்பதில்லை. நட்சத்திரம் பார்த்துக் குதிரையைத் தேர்ந்தெடுப்பார். இடது பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். டிக்கெட் வாங்குவது மூன்றாம் நம்பர் ஜன்னலில் மட்டும்தான். பக்கத்து ஜன்னல் காலியாகக் கிடந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். போன வருடம் முழுக்கத் தோற்றார். பழம் வாடியிருந்ததாம்.

நேற்று டீ குடிக்கும்போது என்னைச் சீண்டினார். "நன்னா, நீ பேசறதெல்லாம் மேடைக்குச் செரி. ராகு காலத்துல ஊட்ட விட்டுக் கெளம்பி, தாலியறுத்தவ எதுக்க வந்து, அப்பறம் ஒருக்கா ஜெயிச்சுக் காட்டு பாக்கலாம். நான் இந்தக் கவுத்த அறுத்து எறிஞ்சர்றேன்." மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைக் காட்டினார்.

தாலியறுத்தவள் என்று அவர் சொன்னது என் தங்கையை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கள் அப்பா ஈரோட்டுக் கறுப்புச் சட்டைக்காரர். எனக்கு நன்னன் என்றும் அவளுக்கு ரஷ்யா என்றும் பெயர் வைத்தவர். ரஷ்யாவின் வீட்டுக்காரர் ஆறு வருடம் முன்பு லாரி விபத்தில் போய்விட்டார். அதிலிருந்து அவள் எங்களோடுதான் இருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. காலையில் அவள் தெருவில் இறங்கினால், அவள் தாண்டிப் போகும்வரை எதிர்வீட்டுக்காரர்கள் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

சவாலை ஏற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 18, சனி

ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. எங்கள் வீட்டில் நாள்காட்டி இல்லாததால் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

ரஷ்யாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்கால வரோணும், அவ்வளவுதானுங்களாண்ணா? காலிக் கொடமும் கொண்டாறட்டுங்களா?"

"கொண்டா. ஒண்ணும் கொறை வெக்க வேண்டாம்."

ஒன்பதே காலுக்கு நான் படியிறங்க, அவள் தெருமுனையிலிருந்து காலிக் குடத்தோடு எதிரே வந்தாள். போதாக்குறைக்கு என் பக்கத்தில் வந்து ஒரு பொய்த் தும்மலும் தும்மினாள். எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம். ரஷ்யா இப்படிச் சிரித்துப் பல வருடம் ஆயிற்று என்று கனகம் பிறகு சொன்னாள்.

ஜெயித்தேன். நான் குதிரையின் பழைய ஓட்டங்களைப் படித்துவிட்டுத்தான் கட்டினேன். வரதராஜுலு தோற்றார். கயிற்றை அறுக்கவில்லை. ஒரு தடவை ஜெயித்தால் அது குருட்டு அதிர்ஷ்டமாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்றும் ரஷ்யா குடத்தோடு எதிரே வந்தாள். எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. சரியாகப் பன்னிரண்டே காலுக்குக் கட்டினேன். மைதானத்துக்குள் இடது காலை வைத்து நுழைந்தேன். மறுபடியும் ஜெயித்தேன். மூடநம்பிக்கைக்கு இரண்டாவது அடி.

ஏப்ரல் 23, வியாழன்

மண்ணெண்ணெய் வாங்க ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். கூரையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது, தகரம் மாற்ற வேண்டும்.

ராகு காலம், எமகண்டம் போட்ட தினசரி நாள்காட்டி ஒன்று வாங்கிச் சமையலறையில் மாட்டினேன். சோதனைக்குத் தேவையான கருவி, அவ்வளவுதான். கனகம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போன சனியும் ஞாயிறும் போட்டிருந்த கறுப்புச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். வேண்டாம் என்றேன். இந்தக் குளிரில் காய மூன்று நாள் ஆகும்.

ஏப்ரல் 25, சனி

ரஷ்யா இன்று மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். பழைய காப்பிக் கலர் புடவையே போதுமே என்றேன். மேகம் மூடியிருந்தது, புதுப் புடவை நனைந்துவிடும். மாற்றிக்கொண்டு வந்தாள். மழை வரவில்லை.

மைதானத்து வாசலில் கூட்டம் தள்ளியதில் வலது கால் முந்திவிட்டது. வெளியே வந்து மறுபடி நுழைந்தேன். வலது கால் செருப்பு வார் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அதைச் சரிசெய்ய வேண்டியும் இருந்தது. ஜெயித்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ரஷ்யாவுக்கு இன்று டூட்டி. விடிவதற்கு முன்பே போய்விட்டாள். நான் கிளம்பும்போது எதிரே வந்தவள் கனகம். குளித்து, தலைநிறையப் பூ வைத்து, நிறைகுடத்தோடு.

தோற்றேன். ஒரே ஒரு தோல்வி எதையும் நிரூபிக்காது. குதிரைக்கு முழங்காலில் வலி என்று பிறகு கேள்விப்பட்டேன். இருந்தாலும் குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

சனி, ஞாயிறு டூட்டியை வேறு யாருக்காவது மாற்றிவிட முடியுமா என்று ரஷ்யாவிடம் கேட்டேன். சோதனை என்றால் நிபந்தனைகள் மாறக் கூடாது. மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள். அதற்குப் பதிலாக வாரத்தில் இரண்டு ராத்திரி டூட்டி பார்க்க வேண்டுமாம். நல்ல பெண்.

மே 3, ஞாயிறு

இரண்டு நாளும் வெற்றி.

மே 4, திங்கள்

ரஷ்யா சாயங்காலம் ஓர் ஆளைக் கூட்டி வந்தாள். மாதேஷ், கிருஷ்ணகிரிக்காரர், அவள் அலுவலகத்திலேயே லைன்மேன். நாற்பத்திரண்டு வயது. தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் தன் கல்யாணத்தை மறந்துபோனவர். கம்பம் ஏறி ஏறி உள்ளங்கை காய்த்திருக்கிறது. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார், வேட்டியெல்லாம் ஈரம்.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்களாம். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஊழியர் சங்க அறையில், மாலை மட்டும் மாற்றி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் லட்டு கொடுத்திருப்பார். உறுதிமொழியை நானே வாசித்து நடத்திவைக்கிறேன் என்றேன். மாதேஷ் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேதியை மட்டும் ஜூன் பதினாலுக்குத் தள்ளலாம் என்றேன். காரணங்கள் நியாயமானவை. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் லாட்ஜில் அறை கிடைக்காது. ஈரோட்டுச் சொந்தங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கனகம் குறுக்கே வந்தாள். "ஏனுங்க, ஜூன்ல மழை புடிச்சுக்கும், பள்ளிக்கூடம் தொறந்துருவாங்க. அப்ப மட்டும் யாரு வரப்போறாங்க?"

"சீசனும் முடிஞ்சுருமில்லீங்க" என்று ரஷ்யா மெதுவாகச் சொன்னாள்.

எந்த சீசன் என்று நான் கேட்கவில்லை. சுற்றுலா சீசனைத்தான் சொல்லியிருப்பாள். ஜூன் பதினாலு என்று முடிவாயிற்று.

மே 9, சனி

கல்யாணம் பேசியதிலிருந்து ரஷ்யா பொட்டு வைத்துக்கொள்கிறாள். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒட்டுப்பொட்டின் பசை தோலுக்கு ஆகாது என்று எதிலோ படித்த ஞாபகம். சனி, ஞாயிறாவது நெற்றிக்கு ஓய்வு கொடுக்கலாமே என்றேன். அவள் பொட்டை உரித்துக் கதவு நிலையில் ஒட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். இன்று தும்மவில்லை, சிரிக்கவும் இல்லை. ராத்திரி டூட்டி பார்த்த களைப்பாக இருக்கும்.

ஜெயித்தேன்.

மே 10, ஞாயிறு

ஜெயித்தேன். மைதானத்து டீக்கடையில் வரதராஜுலு என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். "நெசத்தச் சொல்லு நன்னா. என்ன பண்றே?" சோதனை முறையை விளக்கமாகச் சொன்னேன். அறிவியலில் ஒளிவுமறைவு கூடாது. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

கயிற்றை இன்னும் அறுக்கவில்லை. கேட்டதற்குச் சிரித்தார்.

மே 16, சனி

ஒன்பதே காலுக்குக் கதவைத் திறந்தால் தெருமுனையில் வரதராஜுலு. கூடவே டீக்கடையில் நின்ற அந்த இரண்டு பேர். மூவரும் குளித்து, சீவி, வரிசையாக நின்றார்கள்.

ரஷ்யா பின்பக்கமாகச் சுற்றிக் குடத்தோடு அங்கே வந்தபோது அவர்களைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் ஒதுங்கி வழிவிடப் போனாள். ஆறு வருடப் பழக்கம்.

"ஒதுங்காதம்மா, ஒதுங்காத" என்றார் வரதராஜுலு, இவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "நேரா வா. எங்க மூஞ்சியப் பாத்து வா தாயி."

ரஷ்யா குடத்தைத் தரையில் வைத்தாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இவிங்களையும் நீங்கதான் வரச் சொன்னீங்களாண்ணா?"

"நான் வரச் சொல்லல ரஷ்யா. சோதனையப் பத்திச் சொன்னேன், அவ்வளவுதான்."

அவள் வரதராஜுலுவின் பக்கம் திரும்பினாள். தெருவே கேட்டது.

"முன்னால என்னப் பாத்தாக் கதவச் சாத்தினீங்க. இப்பத் தொறந்து வெச்சுக் கூப்புடறீங்க. அன்னைக்கும் என்னப் பாக்கல, இன்னைக்கும் என்னப் பாக்கல. வெறும் நெத்தியத்தான் பாக்கறீங்க. போங்க, போய் வேற நெத்தி தேடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். குடம் தெருவிலேயே இருந்தது. வரதராஜுலு என்னிடம், "கோவத்தோட வந்தாலும் வந்த மாதிரிதான நன்னா?" என்று கேட்டார்.

மைதானத்துக்குப் போனேன். முடிவை எழுத விருப்பமில்லை.

மே 17, ஞாயிறு

காப்பி கொடுக்கும்போது ரஷ்யா சொன்னாள்: "கல்யாணம் அடுத்த ஞாயித்துக்கெழமைங்கண்ணா. மத்தியானம் பன்னெண்டரைக்கு."

"அன்னைக்குத்தான கோப்பைப் பந்தயம்?" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"தெரியுமுங்க. அதனாலதான்."

மே 20, புதன்

என்னைச் சோதிக்கிறாள்! இருபத்தைந்து வருடம் மார்க்கெட் மைதானத்தில் நின்று பேசியவன் நான். பேய் வாழ்வதாகச் சொன்ன புளியமரத்தடியில் பாய் விரித்துப் படுத்துக் காட்டியவன். கல்லடி பட்ட தழும்பு இன்னும் காதுக்குப் பின்னால் இருக்கிறது. ராகு காலத்தில் கிளம்பும் துணிச்சல் இந்த ஊரில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்குப் போய்ப் பரீட்சை வைக்கிறாள்.

இதைச் சொன்னதும் கனகம் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். இருபது வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது இன்றுதான்.

"வரதராஜுலு நல்ல நேரம் பாக்கறாரு. நீங்க கெட்ட நேரம் பாக்கறீங்க. ரெண்டு பேரும் பாக்கறது ஒரே காலண்டர்தானுங்க. உங்கப்பா இருந்த வரைக்கும், நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து, இந்த ஊட்ல அது இல்ல."

நான் பதில் சொன்னேன். நீளமாகச் சொன்னேன். அவள் பாதியிலேயே வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

மே 23, சனி

ஒன்பதே காலிலிருந்து வாசலில் நின்றேன். ரஷ்யா வரவில்லை. உள்ளே கனகத்தோடு மாலைக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சிரிப்பும் கேட்டது. பத்தரைக்கு ராகு காலம் முடிந்தது. அதற்குப் பிறகு போய் என்ன பயன்? அதாவது, தலைவலியாக இருந்தது. போகவில்லை.

மே 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோப்பைப் பந்தயம் பன்னிரண்டு இருபதுக்கு. கல்யாணம் பன்னிரண்டரைக்கு. மைதானத்திலிருந்து சங்க அறைக்கு வேகமாக நடந்தால் பத்து நிமிடம். பன்னிரண்டு அடித்ததும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஓட்டத்தைப் பார்க்காமலே ஓடி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உறுதிமொழிக் காகிதம் சட்டைப் பையில் இருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்கு ஜன்னல் முன்னால் நின்றேன். குதிரையும் நம்பரும் தெரியும். ஒரு வாரம் படித்துத் தேர்ந்த குதிரை. ஜன்னலில் இருந்தவர் இரண்டு முறை "நம்பர்?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்றவன் முதுகில் இடித்தான். வரிசையிலிருந்து விலகினேன்.

நான் பூனை தேடிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதில், ஆயிரம் பேர் நடுவில், விறகுக்கட்டு, எண்ணெய்க் குடம், ஏதாவது ஒன்று எதிரே வராதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலருகே ஒரு கடலைக்காரி வந்தாள். கூடையைத் தலையில் வைத்திருந்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. அவள் திரும்புவதற்காக நான் காத்துக்கொண்டு நின்றேன். திரும்பினாள். என் கையில் பந்தயப் புத்தகத்தைப் பார்த்ததும் அவசரமாகக் கூடையை இறக்கிச் சுவரோரம் ஒண்டினாள்.

"போங்க சாமி, போங்க. நான் இப்பிடி நகந்துக்கறனுங்க."

"இல்லம்மா, நகராத. எதுக்க வா" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டினாள். "எதுக்க வான்னா வாயேன்" என்று நான் அதட்டினேன்.

அந்தக் குரல் என் காதிலேயே விழுந்தது. வரதராஜுலுவாவது தாயி என்று கூப்பிட்டார்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. கோப்பைப் பந்தயம் முடிந்து, அடுத்த பந்தயத்தின் ஆரவாரமும் கேட்டது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்காமல் நடந்தேன். பாதி வழியில் ஓடினேன்.

சங்க அறைக்குள் நுழையும்போது மணி ஒன்றே கால். மாலை மாற்றி முடிந்திருந்தது. பத்து நிமிடம் எனக்காகப் பார்த்தார்களாம். பிறகு கனகம் எழுந்து உறுதிமொழியை நடத்திவைத்திருக்கிறாள். காகிதம் என் பையில் இருந்ததால் மனதில் தோன்றியதைச் சொன்னாளாம். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மனுசனா மதிச்சு நடத்தோணும்" என்றாளாம். எல்லோரும் கை தட்டினார்களாம். மேடையேறாத என் மனைவிக்கு.

ரஷ்யா மஞ்சள் புடவையில் இருந்தாள். பெரிய பொட்டு. மாதேஷ் எனக்கு இலை போடச் சொன்னார். நான் அவளிடம் போனேன்.

"ரஷ்யா, ஜூனுக்குத் தள்ளச் சொன்னது லாட்ஜுக்காக இல்ல."

"தெரியுமுங்கண்ணா. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா அதுக்கப்பறமும் கொடத்தத் தூக்கிட்டு வந்த?"

அவள் மாலையின் உதிர்ந்த இதழ்களைக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஆறு வருசத்துல, நீ எதுக்க வா ரஷ்யான்னு என்னக் கூப்புட்டது நீங்க ஒருத்தர்தானுங்கண்ணா. அதுவும் பொய்தான்னு ஒத்துக்க எனக்கு மனசு வரல."

நான் அழுதேன். மறைக்கவில்லை.

சாட்சிகள் கையெழுத்துப் போடும் பதிவேட்டில் ஓர் இடம் எனக்காக விட்டிருந்தார்கள். பேனாவை எடுத்தேன். ரஷ்யா பதிவேட்டை மூடிவிட்டாள்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. இன்னைக்குப் பந்தய நாளு. நீங்க எதுக்குப் போடறீங்கன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நாளைக்கு எங்க ஊட்டுக்கு வாங்க. அப்பப் போடலாம்."

மே 25, திங்கள்

காலையில் போனேன். வாடகை வீடு, ஒரே அறை. மாதேஷ் ரவை உப்புமா கிளறினார், உப்புத்தான் கொஞ்சம் அதிகம். கையெழுத்துப் போட்டேன். ரஷ்யா மை காயும்வரை ஊதினாள். பிறகு இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பூட்டிய கதவின் முன்னால் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சங்கத்தில் வரதராஜுலு கேட்டார்: "தங்கச்சிக்குக் கண்ணாலம் ஆயிருச்சாமா? அடடா, இனி என்ன பண்ணுவ?" அவர் கேட்டது கிண்டல் இல்லை. உண்மையான அக்கறை. அதுதான் சுட்டது.

ஜூன் மாதம் மார்க்கெட் மைதானத்தில் கூட்டம் இருக்கிறது. மூடநம்பிக்கை பற்றிப் பேச என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். எடுக்கமாட்டேன். பேசுவேன். வரதராஜுலு முன்வரிசையில் உட்காரட்டும், அந்தக் கடலைக்காரியையும் தேடிக் கூப்பிடுவேன். கல் எறிகிறவர்கள் எறியட்டும். இந்த முறை வாங்கிக்கொள்ள வேண்டிய கல்தான். முதல் வரி இதுதான், இப்போதே எழுதி வைக்கிறேன், பிறகு மாற்ற முடியாதபடி:

என் தங்கை விதவையாகவே இருக்க வேண்டும் என்று ஐந்து வாரம் ஆசைப்பட்டேன். குதிரை ஜெயிப்பதற்காக.